முதலில் எழுந்து போவது யார்?

“ஐயா, போனீங்களா?”

கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டார் ஸ்டெல்லா சிஸ்டர். அறைக்குள் என் கட்டிலைச் சுற்றி ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கூடுகிற அளவு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த என் தங்கை மங்கையின் கத்தி பாதிப் பழத்தில் நின்றது. என் பெண்ணின் மாமனார், அதாவது என் சம்பந்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு எல்லாரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

“இன்னும் இல்லைங்க” என்றேன்.

“சத்தமா சொல்லுங்க.”

“போவலைங்க சிஸ்டர்.”

“சாயந்தரம் டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள போயிடுங்க. இல்லன்னா டியூப் போட்டுதான் எடுக்கணும். அப்புறம் வலிக்குதுன்னு என்னைச் சொல்லக் கூடாது.”

தலை மறைந்தது. கதவு சாத்திக்கொண்டது. கூட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

இதுவரை இந்தப் பக்கத்தில் கடை, கல்யாணம், காவடி என்று மரியாதையான சங்கதிகளாகவே எழுதி வந்தேன். கடலூர் திருப்பாப்புலியூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், நெற்றியில் திருநீறு இல்லாமல் கடை ஷட்டரைத் தூக்காதவன் என்று என்னை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் எழுதப்போவது ஒண்ணுக்குப் போவதைப் பற்றி. முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு ராசிபலன் பார்க்கலாம். அதைப் படிக்கிறவர்களும் நடுவில் ஒருமுறை எழுந்து போகத்தான் போகிறார்கள்.

புது டைல்ஸ்

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கொடியேறியிருந்தது. என் மகள் பவானியைக் கொடுத்திருப்பது சிதம்பரத்தில்தான். சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர். நிற்பது, நடப்பது, சாப்பிடுவது எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அவர் எதிரில் கால் நீட்டி உட்காரத் தைரியம் வந்ததில்லை.

அவர்கள் வீட்டில் தங்கி விடியற்காலைப் பூஜை பார்ப்பதாக ஏற்பாடு. இருட்டோடு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்தால்தான் புண்ணியம் என்று நானாக முடிவு செய்து குளியலறைக்குள் போனேன். அவர்கள் அப்போதுதான் அங்கே புது டைல்ஸ் போட்டிருந்தார்கள். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. நான் முகம் பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தில் போய்விட்டேன்.

கணுக்கால் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, காலுக்குள் பிளேட் வைத்தார்கள். அந்த ஊசி போட்டால் சிலருக்குச் சிறுநீர்ப்பையும் சேர்ந்து தூங்கிவிடுமாம். அது விழித்துக்கொண்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்டெல்லா சிஸ்டர் தலையை நீட்டி நீட்டிக் கேட்டார்.

அது விழித்துக்கொண்டுதான் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. தூங்கியது நானுமில்லை, அதுவுமில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சம், அவ்வளவுதான்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு தரிசனம்

திருவிழா நேரத்தில் சிதம்பரத்தில் கால் உடைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற நாளாக இருந்தால் கடலூரிலிருந்து யார் மெனக்கெட்டு வருவார்கள்? கோயிலுக்கு என்று எப்படியும் பஸ் ஏறுகிறவர்கள், ஒரே டிக்கெட்டில் என்னையும் பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார்கள்.

புவனகிரியிலிருந்து தங்கை மங்கை, அவள் வீட்டுக்காரர் ராஜவேலு மச்சான், அவர்கள் வகையில் இன்னும் சில பேர். கடலூரிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழு, தலைவர் கலியபெருமாளோடு. இந்தப் பக்கம் சம்பந்தி, சம்பந்தியம்மா, அவர்கள் பங்காளிகள். பவானியும் மாப்பிள்ளையும் வீட்டில் இவர்களுக்கெல்லாம் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிள், ரொட்டி, சத்துமாவு டப்பா வாங்கி வந்தார்கள். காலில் அடிபட்டவனுக்கு ரொட்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் காய்ச்சலுக்கும் ரொட்டி, கண் ஆபரேஷனுக்கும் ரொட்டி.

பார்வையாளர் நேரம் என்று வாசலில் பெரிய பலகை இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த வாட்ச்மேன்தான் எங்கள் அறைக்குக் கூடுதல் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்.

கட்டிலுக்கு அடியில் அந்தப் பாத்திரம் இருந்தது. பிளாஸ்டிக், ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து, பிடிக்க வாகான கைப்பிடி. எத்தனையோ வருஷமாகப் பித்தளை, எவர்சில்வர், அலுமினியம் என்று விற்றிருக்கிறேன். இவ்வளவு யோசித்துச் செய்த பாத்திரத்தைக் கண்டதில்லை. ஆனால் அதை எடுத்துக் கொடு என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரி சரோஜா காதோரம் குனிந்தாள். “போர்வைக்குள்ளதான? யாருக்குத் தெரியப் போவுது, எடுத்துக் குடுக்கறேன்.”

“சத்தம் கேக்கும்.”

“கேட்டா கேக்கட்டும்.”

“சம்பந்தி ஒக்காந்துருக்காரு.”

சம்பந்தி என்றால் சம்பந்திதான்.

அவள் சும்மா இருக்கவில்லை. “எல்லாரும் கீழ கேன்டீன்ல போயி ஒரு காபி சாப்புட்டு வாங்களேன்” என்று சொல்லிப் பார்த்தாள். ராஜவேலு மச்சான் உடனே எழுந்தார். என் வயிறு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. அவர் மட்டும் போய், எல்லாருக்கும் சேர்த்து பிளாஸ்க்கில் காபி வாங்கிவந்து, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று உட்கார்ந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

பிச்சாவரத்துப் பறவைகள்

எங்கள் வகையில் யாரும் இந்த ஒரு விஷயத்தை நேராகச் சொன்னதில்லை. பவானி கல்யாணம் முடிந்து இரண்டு வீட்டாருமாகப் பிச்சாவரம் போனோம். ஒரே படகில் இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஏறினால் அது படகு இல்லை, சபை.

சுரபுன்னைக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ராஜவேலு மச்சான் படகுக்காரரிடம், “அந்தச் சந்துக்குள்ள விடுங்க, பறவை பார்க்கணும்” என்றார்.

“அங்க பறவை கெடையாதுங்க.”

இன்னும் கொஞ்ச தூரம். “சரி, இந்தச் சந்துல?”

“இங்கயும் கெடையாது. பறவையெல்லாம் அந்தாண்ட.”

“பறவை இல்லாத எடமாத்தான் கொஞ்சம் எறக்கி வுடேன்யா” என்றார் மச்சான். குரல் உடைந்திருந்தது.

படகுக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படகிலிருந்த எங்கள் ஒருவருக்கும் புரியாதது போல எல்லாரும் வேர்களைப் பார்த்தோம். திரும்பி வரும்வரை சம்பந்தி சுரபுன்னையின் வேர் மூச்சு விடுவது பற்றிப் பாடம் எடுத்தார். மச்சான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தார், கண்ணில் தண்ணீரோடு.

முக்கோணம்

அந்த ஆஸ்பத்திரிக்கு நர்சிங் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். அன்றைக்கு எனக்கு வாய்த்தவள் கௌசல்யா, மங்கலம்பேட்டைப் பெண். வெளுத்த கோட்டு, புதுச் செருப்பு, கையில் ஒரு பேடு.

“சார், நான் ஸ்டூடண்ட்டு. உங்களுக்கு என்னென்ன கவனிப்பு வேணும்னு கேர் பிளான் எழுதணும். கொஞ்சம் கேள்வி கேக்கட்டுமா?”

“கேளும்மா” என்றார் கலியபெருமாள், என் சார்பில்.

பேடில் ஒரு முக்கோணம் வரைந்திருந்தாள். அதைப் படுக்கை ஓரத்தில் வைத்து விளக்கினாள். “அடியில இருக்கறது ஒடம்போட தேவைங்க சார். மூச்சு, தண்ணி, சாப்பாடு, வெளிய போறது, தூக்கம். அதுக்கு மேல பாதுகாப்பு. அதுக்கு மேல அன்பு. அப்புறம் மரியாதை. உச்சியில மனசோட பெரிய ஆசை. கீழ இருக்கறத கவனிக்காம மேல போவக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்துருக்காங்க. இதுல இப்ப உங்களுக்கு மொதல் தேவை எது?”

இந்த உலகத்தில் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன்.

“அன்புதாம்மா” என்றாள் மங்கை. “அதுக்குத்தான் புவனகிரிலேருந்து ஓடி வந்துருக்கோம். எங்க அண்ணனுக்கு நாங்க பக்கத்துல இருந்தா போதும்.”

“பாதுகாப்புன்னு எழுது பாப்பா” என்றார் ராஜவேலு மச்சான். “வழுக்கற எடத்துல ஒரு ரப்பர் மேட்டு போட்டுருந்தா இந்த நெலம வருமா?”

சம்பந்தி தொண்டையைச் செருமினார். சம்பந்தியம்மா, “எங்க வூட்டுல நாங்கல்லாம் தெனம் அங்கதான் குளிக்கறோம்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“சரி, மரியாதைன்னு எழுதிக்கம்மா” என்று மச்சானே இறங்கி வந்தார்.

“இதெல்லாம் என்னாங்க” என்று கலியபெருமாள் கையை வீசினார். “இவருக்கு ஒடம்பு ஒரு பொருட்டே இல்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பஜனையில இவரு பேசறத நீ கேட்டதில்ல. பசி, தாகம் எல்லாம் மாயைம்பாரு. தரிசனம் ஒண்ணுதான் இவருக்குத் தேவை. அது கெடைக்காம படுத்துருக்காரே, அந்த ஏக்கம்தான் மூஞ்சியில தெரியுது பாரு.”

என் முகத்தில் தெரிந்தது எது என்று எனக்குத்தான் தெரியும்.

கௌசல்யா என் நெற்றியைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் போகும்போது துடைத்துவிட்டதைத் திரும்பி வந்ததும் சரோஜா பட்டையாகப் பூசிவிட்டிருந்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதும் முன் நியாயமாக ஒருமுறை கேட்கவும் செய்தாள். “சார், நீங்க சொல்லுங்க. அப்படித்தானா?”

சம்பந்தி என்னைப் பார்த்தார். சம்பந்தியம்மா பார்த்தார். பஜனைக் குழு மொத்தமும் பார்த்தது.

“அவுங்க சொல்றதுதாம்மா” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஸ்டெல்லா சிஸ்டர் குரல் கேட்டது. “காலையில ஸ்பைனல் போட்ட ஆளு. இன்னும் யூரின் போவல. நீ என்னா எழுதிருக்க? மொதல் தேவை சாமி தரிசனமா?”

“பேஷண்ட்டே சொன்னாருங்க சிஸ்டர்.”

“அந்த ரூம்ல பேஷண்ட்ட எங்க பேச வுடறாங்க?”

அவரே உள்ளே வந்து, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க, அவரு ஃப்ரீயா இருக்கட்டும்” என்றார். “இதோ கெளம்பிட்டோம் சிஸ்டர்” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாற்காலிகள் கூட லேசாக நகர்ந்தன. அதற்குள் வேறொரு அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் போனதும் நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்தன.

போகும்போது வாசலில் ஒரு சின்ன டிராலியை நிறுத்திவிட்டுப் போனார். மேல்தட்டில் பச்சைத் துணி. துணிக்கு வெளியே ஒரு குழாயின் முனை எட்டிப் பார்த்தது. படுத்த இடத்திலிருந்து எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

இங்கிலீஷில் சொன்னால் அசிங்கமில்லை

சிஸ்டர் சொன்னதில் ஒரு நன்மை. ஒண்ணுக்கு என்று தமிழில் சொல்லக் கூசியவர்களுக்கு, ‘யூரின்’ என்று ஒரு சொல் கிடைத்துவிட்டது. இங்கிலீஷில் சொன்னால் அது உடம்பைவிட்டு எங்கோ தூரத்தில் நடக்கிற காரியம் போல ஆகிவிடுகிறது. சம்பந்தி எதிரிலேயே பேசலாம்.

மங்கை போனை எடுத்தாள். “ஆமாண்டி, ஆபரேசன் நல்லபடியா ஆச்சு. யூரின்தான் பாஸ் ஆவல. எல்லாரும் வேண்டிக்குங்க.” குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி போனது. கடலூர், புவனகிரி, நெய்வேலி, ஒரு சிங்கப்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. நான் யாரையும் ஜாஸ்தி தொந்தரவு செய்யாமல் வாழ்ந்த மனிதன். இப்போது கடல் தாண்டிப் போய்விட்டது என் சங்கதி.

யோசனைகளும் வந்தன. இளநீர் கொடுங்கள் என்று ஒருவர். உடனே இளநீர் வந்தது, குடிக்க வைத்தார்கள். வாழைத்தண்டுச் சாறு என்று இன்னொருவர். அதற்கு ஓர் ஆள் கடைத்தெருவுக்கு ஓடினார். உள்ளே போவதற்குத்தான் ஊரே கூடி வழி சொன்னது. வெளியே வருவதற்கான வழியை அடைத்துக்கொண்டு அவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

சாமிக்குத் திரை உண்டு

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. பக்தியில் இல்லை. பொறாமையில்.

பெருமானுக்கு என்ன செய்கிறோம்? எழுப்புகிறோம், குளிப்பாட்டுகிறோம், துடைத்துத் துணி மாற்றுகிறோம், வேளாவேளைக்குச் சாப்பாடு காட்டுகிறோம், ராத்திரி தூங்க வைக்கிறோம். தேர், திருவிழா, வாண வேடிக்கை எல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பெண்ணின் முக்கோணத்தில் அடித்தட்டில் இருந்தது எல்லாம் கோயிலில் முதலில் நடக்கிறது. நைவேத்தியம் என்றால் திரை போட்டுவிடுகிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் சரி, மந்திரியே நின்றாலும் சரி, திரை விலகும்வரை காத்திருக்கிறோம். சாமி சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

மூத்திரப் பையே இல்லாத சாமிக்கு அவ்வளவு மறைப்பு. அது வெடிக்கிற நிலையில் இருந்த எனக்கு ஒரு துண்டு திரை இல்லை. நான் பெருமானைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் செய்யத் தெரிந்த நமக்கு, அவர் படைத்ததற்குச் செய்யத் தெரியவில்லையே என்றுதான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உடம்பு மாயை என்று மைக்கில் பேசியவன் நான். அன்றைக்கு அந்த மாயை என்னை என்ன பாடு படுத்தியது என்று பஜனைக் குழுவே சுற்றி உட்கார்ந்து பார்த்தது.

எழுந்திருக்காத மரியாதை

இவர்கள் ஏன் போகவில்லை? அதுதான் சூட்சுமம்.

எல்லாருக்கும் கோயிலுக்குப் போக வேண்டும். பலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் முதலில் எழுந்திருப்பது யார்? என் தங்கை வீட்டார் முதலில் எழுந்தால், “கூடப் பொறந்தவளே போயிட்டா” என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்கள். சம்பந்தி வீட்டார் எழுந்தால், “அவுங்க வூட்டு பாத்ரூம்ல வுழுந்தவரு, அவுங்களே கெளம்பிட்டாங்க” என்று புவனகிரி வரை போகும். பஜனைக் குழு எழுந்தால், “இவ்ளோதான் சிநேகிதம்”. அதோடு ஆஸ்பத்திரியில் “வரட்டுமா” என்று சொல்லி எழுந்திருக்கவும் முடியாது. இங்கே மறுபடி வருவதா என்று அபசகுனம் ஆகிவிடும். “போறேன்” என்பது அதைவிட மோசம். சொல்ல வார்த்தை இல்லாததால் உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு.

ஆக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அன்பில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை என்று காட்ட, என் மூத்திரப்பையின் மேல் போட்டி நடந்துகொண்டிருந்தது.

வெளியே வெயில் சாய்ந்தது. டாக்டரின் கார் வரும் நேரம் என்று வாட்ச்மேன் சொன்னார். எனக்குக் குப்பென்று வேர்த்தது.

அப்போதுதான் எனக்கு வழி தோன்றியது. யாரும் யாருக்கும் முந்தாமல், எல்லாரும் சேர்ந்து எழுந்திருக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

“கலியபெருமாளு” என்றேன். “கோயில்ல சாயரட்சை பூஜ ஆரம்பிச்சுடும். எனக்காக எல்லாரும் போயி ஒரு அர்ச்சன பண்ணிட்டு வாங்க. எல்லாரும். ஒருத்தர் பாக்கியில்லாம. அப்பதான் எனக்குக் கொணமாவும்.”

சொன்னதுதான் தாமதம். அடைத்திருந்த மடை திறந்தது போல நாற்காலிகள் காலியாயின. மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாருங்க, இந்த நெலமயிலயும் அண்ணனுக்கு சாமி நெனப்புதான்.”

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வழியனுப்பினாள். இன்னும் கொஞ்ச நேரம். இரண்டு பேர். ஒருவர்.

“அண்ணி, நீயும் கெளம்பு” என்று மங்கை அவள் கையைப் பிடித்தாள். “பொண்டாட்டி வந்து பேரு, நட்சத்திரம் சொன்னாத்தான் பலிக்கும்.”

“அவருகிட்ட ஆளு வேணாமா?” என்றாள் சரோஜா.

“நீங்க நிம்மதியா போயிட்டு வாங்கம்மா” என்றார் சம்பந்தி. “நான் இருக்கேன். எங்க வீட்டுல நடந்த காரியம். அவரத் தனியா விட்டுட்டு நான் நகர மாட்டேன்.”

சரோஜா வாசலிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். குளத்துக்கு நடுவில் கைவிட்டுப் போகிறவள் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். மங்கை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சம்பந்தியும் நானும்

இத்தனை பேரில் யார் மட்டும் போய்விட வேண்டும் என்று நினைத்தேனோ, அவர் மட்டும் மிச்சம். நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வலி ஜாஸ்தியா இருக்குங்களா?”

“அதெல்லாம் இல்லைங்க.”

“வேர்க்குதே.”

“மார்கழியிலயும் புழுக்கம்தாங்க.”

பேன் தலைக்கு மேல் சுற்றியது. வராந்தாவில் டிராலியின் சக்கரம் கிறீச்சிட்டது. கௌசல்யாவின் குரல், “டாக்டர் கீழ வந்துட்டாரு சிஸ்டர்.”

பாத்திரம் கட்டிலுக்கு அடியில். கை எட்டாது. காலை அசைக்கக் கூடாது. எடுத்துக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் வீட்டுக்கு நான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தில் அவர் காலுக்குத் தண்ணீர் விட்டு வரவேற்றவன். மனசுக்குள், பெருமானே, மானத்தைக் காப்பாத்து என்று வேண்டிக்கொள்ளப் போனேன். எந்த மானத்தை என்று ஒரு சந்தேகம் வந்தது. குழாய் போட்ட பிறகு பை ஒன்று கட்டிலில் தொங்கும். அதை எல்லாரும் பார்ப்பார்கள்.

கண்ணை மூடிக்கொண்டேன். “சம்பந்தி.”

“சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க. மத்தியானத்துலேருந்து வருது. நீங்கல்லாம் இருக்கறதால போவ முடியல. கட்டிலுக்கடியில ஒரு பாத்திரம் இருக்கு, அத எடுத்துக் குடுத்துட்டு கொஞ்சம் வெளிய போயிடுங்க. தப்பா நெனைக்காதீங்க.”

கண்ணைத் திறந்தேன். தலைமையாசிரியர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டிருந்தது. கோபம் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சம்பந்தி, எனக்கு சுகர் இருக்குது” என்றார், மெல்ல. “வீட்டுலகூட வெளிய சொல்றதில்ல. அடிக்கடி போவணும். காலையிலேருந்து அடக்கிட்டு ஒக்காந்துருக்கேன்.”

“இதோ பாத்ரூம் இருக்குதே. போக வேண்டியதுதானே?”

“நீங்க போவ முடியாம படுத்துருக்கும்போது, பக்கத்துலயே நான் எப்படிங்க போறது? சத்தம் கேட்டா நீங்க என்னா நெனைப்பீங்க?”

சிரிக்கக் கூடாது. சிரித்தால் போர்வைக்குள் விபரீதம். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

அவர் குனிந்து, அந்தப் பாத்திரத்தை எடுத்து, அந்த அவசரத்திலும் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்தில் தாம்பூலத் தட்டு மாற்றியதற்குப் பிறகு எங்களுக்குள் அவ்வளவு மரியாதையாக ஒன்று கைமாறியது அதுதான். அவர் பாத்ரூமுக்குள் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவை. கதவு சாத்தப்பட்டது, முழுசாகத் தாழ்கூடப் போடவில்லை.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அதைக் கேட்டதும், அவ்வளவு நேரம் கல்லாகக் கிடந்தது எனக்கும் இளகியது. கண்ணில் நீர் முட்டியது. சிவசிவா என்றேன். அதை மனப்பூர்வமாகச் சொன்னேன். எத்தனையோ அபிஷேகம் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி மெய் சிலிர்த்ததில்லை. சொன்னால் தப்பு, ஆனால் உண்மை.

டாக்டரும் ஸ்டெல்லா சிஸ்டரும் உள்ளே வந்தபோது சம்பந்தி ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பழைய ஒழுங்கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பாத்திரத்தைத் தூக்கி அளவைப் பார்த்தார். “அடேயப்பா” என்றார். டிராலி திரும்பிப் போனது.

கோயிலுக்குப் போனவர்கள் பிரசாதத்தோடு திரும்பினார்கள். விஷயம் தெரிந்ததும் மங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எப்ப போனாரு? கேளுங்க, எப்ப போனாரு? நாங்க தீபாராதன பார்த்த நேரமாத்தான் இருக்கும்.” போன் எடுத்தாள். “அர்ச்சன பண்ணோம், உடனே பாஸ் ஆயிடுச்சு.” கடல் தாண்டியும் செய்தி போனது. கலியபெருமாள் அடுத்த வெள்ளிக்கிழமை பஜனையில் இதைச் சொல்லப்போவதாக அறிவித்தார்.

நான் மறுக்கவில்லை. கூட்டத்தை வெளியே அனுப்ப ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை பெருமானுடையதுதானே. அவருக்குச் சேர வேண்டிய புகழை நான் ஏன் பிடித்துவைக்க வேண்டும்?

அர்ச்சனைத் தட்டு என் தலைமாட்டுக்கு வந்தது. என் பெயர், என் நட்சத்திரம், எல்லாம் முறையாகச் சொன்னதாகச் சரோஜா சொன்னாள். சம்பந்தி திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசக் குனிந்தார். அப்போது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“எம் பேருக்கும் ஒண்ணு பண்ணச் சொல்லியிருக்கலாங்க சம்பந்தி.”